புராஜெக்ட்டுக்குள் ‘தொகு’ எப்படி வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரோட்டில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட்டுகள் பிறப்பது எங்களைப் போன்ற கடைகளில்தான் என்பதால், நெட்டில் எடுத்ததை எங்கிருந்து என்று சொல்லாமல் அதில் ஒட்டுவதைப் பற்றி எழுத எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

“அண்ணா, காலிங்கராயன் வாய்க்கால் பத்தி இருவது பக்கம் வர்ற மாதிரி எடுத்துக் குடுங்ணா” என்று வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க்கைத் தட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். தாங்களே ஒட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அதில் ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் [தொகு] என்று இருக்கும். தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தப் பகுதியைத் திருத்துவதற்காக வைத்திருக்கும் பொத்தான் அது! நடுநடுவே [3], [7] என்று அடிக்குறிப்பு எண்கள், ஆனால் அடிக்குறிப்பு மட்டும் இருக்காது. இதை அப்படியே அச்சடித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, அட்டையில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக் கொடுத்து மார்க்கும் வாங்கிவிடுகிறார்கள். வாங்கிப் பார்க்கிற வாத்தியார் ஒருவராவது “இந்தத் தொகு என்னப்பா?” என்று கேட்டதாக இதுவரை என் காதுக்கு வரவில்லை.

நெட்டில் இருந்து எடுப்பதில் தப்பே இல்லை. விக்கிப்பீடியா தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. எங்கிருந்து எடுத்தாய், எதை மாற்றினாய் என்று சொல், நீ ஆக்கியதையும் இதே உரிமத்தில் அடுத்தவருக்குக் கொடு, இதுதான் அவர்கள் போடும் நிபந்தனை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் பாடத்துக்காக ஆசிரியரும் மாணவரும் எடுத்தாள இடம் கொடுக்கிறது. சரி, இவ்வளவு விட்டுக் கொடுத்த பிறகும் ‘இதிலிருந்து எடுத்தேன்’ என்று ஒரு வரி எழுத ஏன் கை வரமாட்டேன் என்கிறது?

அந்த ஒரு வரி மரியாதைக்காக மட்டும் இல்லை. ஒரே புராஜெக்ட்டில் வாய்க்கால் வெட்டி முடித்த ஆண்டு முன்பக்கம் 1282, பின்பக்கம் 1283. இரண்டு தளத்தில் இருந்து வெட்டி ஒட்டியதால் வந்த வினை. எது எங்கே கிடைத்தது என்று குறித்திருந்தால் எதை நம்புவது என்று யோசிக்கவாவது முடியும். இத்தனைக்கும் அந்த வாய்க்கால் எங்கேயோ இல்லை. பவானிக்குப் பக்கத்து அணைக்கட்டில் பிரிந்து, ஈரோட்டைத் தொட்டுக்கொண்டு சுமார் 90 கிலோமீட்டர் ஓடி நொய்யலில் சேர்கிறது. இந்தப் பிள்ளைகளில் சிலருடைய மஞ்சள் காட்டுக்கே அந்தத் தண்ணீர்தான் பாய்கிறது. வீட்டில் அப்பாருவின் (தாத்தாவின்) வாயைக் கிளறினால் மடை, முறைத்தண்ணி, சாயத்தண்ணி என்று எந்த நெட்டிலும் இல்லாத நாலு பக்கம் கிடைக்கும். அப்பாரு சொன்னார் என்று அவர் பெயரையும் போடலாமே.

பி.எச்டி. பக்கம் கதையே வேறு. யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்கவே முடியாது, அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. இந்தப் பயத்தில் “சாஃப்ட்வேர்ல மாட்டாத மாதிரி வார்த்தைய மாத்திக் குடுங்க” என்று கேட்டு வருகிறார்கள். ‘கட்டினார்’ என்பதை ‘நிர்மாணித்தார்’ என்று மாற்றிவிட்டால் அடுத்தவர் உழைப்பு இவருடையதாகிவிடுமா? உரியவர் பெயரைச் சொல்லி முறையாக மேற்கோள் காட்டியதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அதே விதியில் இருக்கிறது. நேர்வழி அதைவிடச் சுலபம்!

இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. அது சில சமயம் அச்சிலேயே வராத புத்தகத்துக்குப் பெயர், வருடம் எல்லாம் போட்டு ஆதாரம் என்று நீட்டுகிறது. நூலகத்தில் போய்த் தேடிப் பார்க்காமல் அதையும் சேர்த்துப் பைண்டிங் போடுகிறார்கள்.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இருபது பக்கம் வேண்டும் என்று சொல்லாதீர்கள், ஐந்து போதும். கடைசியில் எந்தத் தளம், எந்தப் புத்தகம், என்றைக்குப் பார்த்தது, யாரிடம் கேட்டது என்று ஒரு பக்கம் கட்டாயம், அதற்குத் தனி மார்க் என்று அறிவித்துவிடுங்கள். எனக்குப் பிரிண்ட் வருமானம் குறையும்தான், பைண்டிங் காசு எப்படியும் வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு டி.டி.பி. கடைக்காரர்,
ஈரோடு.