ஏற்கெனவே வாங்கியவரிடம் ஏன் இன்னும் கூவுகிறீர்கள்?

அச்சில் இன்னும் இசை இதழ் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கும், அதற்கு லேஅவுட் (பக்க வடிவமைப்பு) செய்பவர்களுக்கும்,

வணக்கம். பாட்டுக் கேட்கிற அளவுக்குப் பாட்டைப் பற்றிப் படிக்கவும் பிடித்த ஆள் நான். பிரிட்டிஷ், அமெரிக்க இசை இதழ்களைப் பல வருடமாக வாங்கிப் படிக்கிறேன், நின்றுபோனவற்றின் பழைய பிரதிகளையும் தேடிப்பிடித்துச் சேர்க்கிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். உங்கள் அட்டை இன்று யாரைப் பார்த்துப் பேசுகிறது?

ஏன் கேட்கிறேன் என்றால், இன்றைக்கும் உங்களில் பெரும்பாலோர் போடும் அட்டை பத்திரிகைக் கடை அலமாரிக்காகப் பிறந்த அட்டை. கடையில் இதழ்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும்படி அடுக்குவார்கள், மேல் விளிம்பு தெரியும், இல்லாவிட்டால் இடது ஓரம் தெரியும், மிச்சமெல்லாம் அடுத்த இதழுக்குப் பின்னால் போய்விடும். அதனால்தான் லோகோ மேலே, இடது ஓரத்தில் பெயர்களின் வரிசை, நடுவில் நேராக நம் கண்ணையே பார்க்கும் ஒரு முகம். 1986-இல் தொடங்கிய க்யூ இதழின் சிவப்புச் சதுரமும் அதற்குள் இருந்த வெள்ளை எழுத்தும் மேல் மூலையில் உட்கார்ந்திருந்ததால், ஒரு கை அகலம் வெளியே தெரிந்தாலே போதும், இன்ன இதழ் என்று தெரிந்துவிடும். 1981-இல் சவுண்ட்ஸ் வார இதழின் இணைப்பாக வந்த ஹெவி மெட்டல் இதழ் கெர்ராங், உடைந்த கண்ணாடி மாதிரி விரிசல் விட்ட எழுத்தில் தன் பெயரைப் போட்டது, உள்ளே என்ன சத்தம் இருக்கிறது என்று பெயரைப் படிக்கும் முன்பே புரிந்துவிடும். இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. அந்த அலமாரிக்கு அது சரியான வேலை, கெட்டிக்காரத்தனமான வேலை.

ஆனால் அந்த அலமாரி எங்கே இருக்கிறது இப்போது? 1952-இல் தொடங்கி, அந்த வருடமே பிரிட்டனின் முதல் சிங்கிள்ஸ் (தனிப்பாட்டு இசைத்தட்டு) விற்பனைத் தரவரிசையைப் போட்ட என்எம்இ (நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்) இதழ், 2015-இல் இலவச இதழாகி, 2018 மார்ச்சில் வாராந்தர அச்சை நிறுத்தியது. க்யூ 2020-இல் போய்விட்டது. இன்றைக்கு ஓர் இசை இதழைக் காசு கொடுத்து வாங்குகிறவர் ரயிலுக்குக் காத்திருக்கும்போது கண்ணில் பட்டதை எடுத்துப்போகிறவர் இல்லை. சந்தா கட்டியிருப்பார், அல்லது பெயர் சொல்லித் தேடி வாங்குவார். இவர்களிடம் போய் ‘உள்ளே 132 ஆல்பம் விமர்சனங்கள்!’ என்று ஆச்சரியக்குறி போட்டுச் சொல்ல என்ன அவசியம்? இன்னொன்று, புதிதாக ஒருவர் உங்கள் அட்டையைப் பார்ப்பதே போனில்தான், அதுவும் கட்டைவிரல் நகம் அளவில். அந்த அளவில் உங்கள் இருபது வரிகளும் வெறும் பொடியாகத்தான் தெரிகின்றன, முகமும் நிறமும் மட்டும்தான் நிற்கின்றன. ஆக, கடைக்கும் உதவாமல், போனுக்கும் உதவாமல், வீட்டு மேசையில் கிடக்கும்போது கண்ணுக்கும் இதமாக இல்லாமல், அந்த வரிகள் யாருக்காகத்தான் அங்கே இருக்கின்றன?

1981 ஜனவரி 22 தேதியிட்ட, ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இதழின் அட்டையை எடுத்துப் பாருங்கள். துணியில்லாமல், குழந்தை மாதிரிச் சுருண்டு, பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் தன் மனைவி யோகோ ஓனோவைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார். ஓனோ கறுப்பு உடையில், கண்ணை வேறெங்கோ திருப்பியிருக்கிறார். புகைப்படக்காரர் ஆன்னி லீபோவிட்ஸ் 1980 டிசம்பர் 8 அன்று எடுத்த படம், அன்று இரவே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அட்டையில் இதழின் பெயர் இருக்கிறது, விளம்பர வரி ஒன்றுகூட இல்லை. என்ன கட்டுரை, எத்தனை பக்கம், வேறு யாரெல்லாம் உள்ளே இருக்கிறார்கள், எதையும் சொல்லவில்லை. கடை அலமாரிகள் உயிரோடு இருந்த காலத்திலேயே இதைச் செய்யும் தைரியம் அவர்களுக்கு இருந்தது. 2005-இல் அமெரிக்க இதழாசிரியர்கள் சங்கம் 40 வருட அட்டைகளில் முதலிடத்தை இதற்குத்தான் கொடுத்தது. அது ஒரு மரணம், அசாதாரணமான சமயம் என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனாலும் நல்ல படம் ஒன்று கையில் இருக்கும்போது அதன் மேல் எதையும் எழுதாமல் இருக்கச் சாவு வர வேண்டுமா?

அட்டையைப் பற்றி இவ்வளவு பேசினாலும் என் மனசு உண்மையில் உள்பக்கங்களில்தான் இருக்கிறது. 1987-இல் ஃபிரெட் வுட்வர்ட் ரோலிங் ஸ்டோனின் கலை இயக்குநரானார். அவர் காலத்துப் பேட்டிகளின் முதல் இரண்டு பக்கங்களைப் பார்த்திருப்பீர்கள்: ஒரு பக்கம் முழுக்கப் படம், எதிர்ப்பக்கம் முழுக்க எழுத்து, அந்த எழுத்தின் உருவமும் பருமனும் அந்தப் பாடகருக்கென்றே தேர்ந்தெடுத்தது. அப்புறம் பக்கத்தைத் திருப்பினால் அமைதியான பத்திகள், வசதியாகப் படிக்கலாம். முதலில் நம்மை இழுத்து உட்காரவைக்க வேண்டும், உட்கார்ந்த பிறகு படிக்க விட வேண்டும், இந்த இரண்டும் வேறு வேறு வேலைகள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ரே கன் என்ற அமெரிக்க ராக் இதழ் இருந்தது. டேவிட் கார்சன் 1992 முதல் மூன்று வருடம் அதை வடிவமைத்தார். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், பத்திகள் முட்டிக்கொள்ளும், தலைப்பைத் தேட வேண்டியிருக்கும். பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சலிப்பாக இருக்கிறதென்று நினைத்து, 1994-இல் அதை முழுக்க ஜாஃப் டிங்பேட்ஸ் என்ற குறியீட்டு எழுத்துருவில் அச்சடித்தார், அதாவது ஓர் எழுத்துகூட இல்லாமல் நட்சத்திரமும் அம்புக்குறியுமாக. இதைப் பெரிய புரட்சி என்று வடிவமைப்பு வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரே கன் அழகான இதழ், அந்தக் காலத்துக் கிட்டார் இரைச்சலைத் தாளில் கொண்டுவந்த இதழ், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒருவர் உட்கார்ந்து பேசிய பேச்சை, இன்னொருவர் உட்கார்ந்து எழுதிய எழுத்தை, படிக்கிறவருக்குப் போய்ச் சேராமல் செய்யும் உரிமை லேஅவுட்டுக்கு இருக்கிறதாக நான் நினைக்கவில்லை. அந்தப் பேட்டியைப் படிக்கக்கூடிய எழுத்தில் அதே இதழின் பின்பக்கத்தில் போட்டார்கள். அந்தப் பின்பக்கத்தின் மேல்தான் எனக்கு மரியாதை.

கார்சன் தெரிந்தே செய்தார், நீங்கள் பலர் கவனிக்காமலே செய்கிறீர்கள். அண்மையில் நான் வாங்கிய ஓர் இதழில் (பெயர் வேண்டாம்) ஒரு பாடகியின் நீண்ட பேட்டி. நடுவில் ஒரு பக்கம், கரும்பச்சைக் காட்டுப் படத்தின் மேல் மெல்லிய வெள்ளை எழுத்தில் ஓடுகிறது. நான்கு நிற அச்சில் ஒரு நிறம் மயிரிழை விலகினாலும் போதும், சின்ன வெள்ளை எழுத்தின் கோடுகள் மையில் அடைபட்டுவிடும், அப்படித்தான் ஆகியிருந்தது. இலைகள் மேல் போகும் வரிகளில் பாதிச் சொற்களை ஊகித்துத்தான் படித்தேன், மேசை விளக்கை இழுத்துப் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தும் பயனில்லை. அந்தப் பாடகி முதன்முதலில் மேடையேறிய இரவைப் பற்றிச் சொல்வது சரியாக அந்த வரிகளில்தான். பக்க எண்ணும் இல்லை, ஏனென்றால் படம் விளிம்பு வரைக்கும் போகிறது. பொருளடக்கத்தில் 64 என்று போட்டுவிட்டு 58-இலிருந்து 70 வரை எந்தப் பக்கத்திலும் எண் போடாவிட்டால் அந்தப் பொருளடக்கம் எதற்கு?

பொருளடக்கத்தில் விளையாடக் கூடாது என்று சொல்லவில்லை. பிரிட்டனின் தி ஃபேஸ் இதழில் வடிவமைப்பாளர் நெவில் பிராடி 1984 வாக்கில் ‘பொருளடக்கம்’ என்ற தலைப்பை ஒவ்வோர் இதழிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டே போனார், கடைசியில் அது வெறும் கோடும் வடிவமுமாகத்தான் மிஞ்சியது. அந்த விளையாட்டு தொடர்ந்து வாங்கும் வாசகருக்கு மட்டுமே புரியும், அதனால்தான் எனக்குப் பிடிக்கும். அது கடையில் நிற்பவரை இழுக்கச் செய்தது இல்லை, ஏற்கெனவே கூட வருகிறவரிடம் பேசுவது.

பிரிட்டிஷ் பாப் இதழான ஸ்மாஷ் ஹிட்ஸையும் சொல்லியே ஆக வேண்டும். 1978-இல் பாட்டு வரிகளை அச்சடித்துப் பதின்வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்த இதழ், எங்கள் ஊர் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களின் பணக்கார உறவுக்காரர் மாதிரி. வாசகர் இந்தப் பக்கத்தை வைத்து என்ன செய்வார் என்று யோசித்த வடிவமைப்பு அது: வரிகளைப் பார்த்துக் கூடப் பாடுவார், போஸ்டரைக் கிழித்துச் சுவரில் ஒட்டுவார். அந்த யோசனைதான் உங்களிடம் குறைந்துகொண்டு வருகிறது.

கேட்பது பெரிய செலவு பிடிக்கிற விஷயம் இல்லை. சந்தாதாரருக்கு வரிகள் இல்லாத தனி அட்டை அனுப்புங்கள், இதைச் செய்த இதழ்கள் உண்டு, அவற்றைத்தான் நான் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறேன். நீண்ட கட்டுரையை வெளிர் தாளில் கறுப்பு எழுத்தில் போடுங்கள், படத்துக்குத் தனியாக ஒரு பக்கம் கொடுங்கள், ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு விமர்சனங்களை நெருக்கித் திணிப்பதற்குப் பதில் ஐந்தைப் போட்டு அவற்றுக்கு இடம் விடுங்கள். படம் எடுத்தவர் பெயரை மடிப்புக்குள் ஒளிக்காமல் படத்துக்குக் கீழேயே போடுங்கள், பக்கத்தை வடிவமைத்தவர் பெயரையும் சேர்த்து. தனி அட்டைக்கு அச்சகத்தோடு பேச வேண்டியிருக்கும், விளம்பரப் பிரிவோடும் பேச வேண்டியிருக்கும், அதற்குச் சில மாதம் ஆகலாம், காத்திருக்கிறேன். பக்க எண்ணை மட்டும் அடுத்த இதழிலேயே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவர்