கிராணி மகனுக்கு

சுங்கை சிப்புட்
ஞாயிறு ராத்திரி

மச்சான்,

நீ அனுப்பின ஆறு குரல் பதிவையும் கேட்டேன். மூணாவதுல பின்னால சேவல் கூவுது. ஜொகூருக்குப் போயும் கோழி வளர்க்கிறதை விடலையா நீ? நானும் பேசி அனுப்பினா பாதியை மறந்துடுவேன், அதான் உட்கார்ந்து எழுதுறேன். கடையைச் சாத்திட்டு வந்தாச்சு. வெளிய நல்ல மழை, வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க.

ஊர்ச் செய்தி பெருசா ஒண்ணும் இல்ல. நாம பிறந்த ரப்பர் தோட்டத்து லயத்துல மிச்சம் இருந்த கடைசி வரிசை வீட்டையும் இடிச்சுட்டாங்க. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கிட்ட ஆயா கொட்டகை இருந்த இடத்துல செம்பனைக் கன்னு நட்டிருக்கு. கோயில் மட்டும் அப்படியே நிக்குது, எதிர்ல, காலையில ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களத்துல லோரி நிறுத்துறாங்க. அப்பாவுக்கு முட்டி வலி இருந்தாலும் வாரம் ஒரு தடவை மோட்டார் சைக்கிள்ல கூட்டிட்டுப் போகச் சொல்வாரு. கோயில் திண்ணையில அரை மணி நேரம் உட்கார்ந்துட்டு, யார்கிட்டயும் எதுவும் பேசாம வந்துடுவாரு.

சரி, உன் ஹேண்ட்போனுக்கு வர்றேன். வாட்ஸ்அப் மெசேஜ் லேட்டா வருது, கால் வந்தா நெட் நிக்குது, பேங்க் ஆப் வேலை செய்யலைன்னு நீ ஒரே மூச்சுல எல்லாத்தையும் கொட்டி, "ரூட் போட்டதுலேர்ந்து எல்லாமே போச்சு"ன்னு முடிச்சுட்டே. ரூட்டுன்னா ஃபோனோட உள்பகுதி வரைக்கும் கை வைக்கிற முழு அதிகாரம், அவ்வளவுதான். பிரிச்சுப் பார்த்தா அப்படி இல்லடா. அதுல ஒண்ணுக்கும் ரூட்டுக்கும் சம்பந்தமே இல்ல, இன்னொண்ணு உன் கையாலயே வந்தது.

முதல்ல வாட்ஸ்அப். நான் செவ்வாய்க்கிழமை "எப்ப வர்றே"ன்னு கேட்டதுக்கு நீ வியாழக்கிழமை பதில் போட்டப்பவே சந்தேகப்பட்டேன். திறந்து பார்த்தாதான் மெசேஜ் மொத்தமா வந்து விழுதுன்னு சொல்றே. நாலாவது பதிவுல போற போக்குல ஒண்ணு சொன்னே பாரு, பேட்டரியை மிச்சப்படுத்துற ஆப் ஒண்ணு போட்டு, அதுக்கு ரூட் அனுமதியும் கொடுத்து, "ரொம்ப சார்ஜ் தின்னுது"ன்னு கூகல் பிளே சர்வீசஸை முடக்கி வச்சேன்னு. அங்கதான் கோளாறே.

நீ தோட்டத்து ஆபீஸ்ல எழுத்து வேலை பார்த்த கிராணியோட மகன், உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்ல. தோட்டத்துல நமக்குத் தபால் எப்படி வரும்? தபால்காரர் லயம் லயமா வந்து கதவைத் தட்டுவாரா? மொத்தமும் ஆபீஸுக்கு வரும். உங்க அப்பா பிரிச்சு வச்சு, பெரட்டு முடிஞ்சதும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பாரு. ஆண்ட்ராய்டும் அப்படித்தான். வாட்ஸ்அப்புக்கு ஒரு கோடு, பேங்குக்கு ஒரு கோடுன்னு ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியா இணையத்துல காத்துக் கிடந்தா பேட்டரி மத்தியானத்துக்குள்ள செத்துடும். அதனால பிளே சர்வீசஸ் ஒரே ஒரு இணைப்பைத் திறந்து வச்சுக்கிட்டு, வர்ற தகவலை அந்தந்த ஆப்பை எழுப்பிக் கொடுக்கும். நீ அந்தக் கிராணியையே தூங்க வச்சுட்டே. பிறகு தபால் எங்கேர்ந்து வரும்?

முதல் வேலையா அந்த பேட்டரி ஆப்பைத் திறந்து, முடக்கினதையெல்லாம் விடுவி. சும்மா ஆப்பை மட்டும் அழிச்சா போதாது, அது முடக்கி வச்சது முடங்கியேதான் கிடக்கும். விடுவிச்ச பிறகு ஆப்பை எடுத்துடு. ரூட் அனுமதிப் பட்டியல்ல அது பேர் இன்னும் இருந்தா அதையும் தூக்கிடு. அடுத்து வாட்ஸ்அப் ஆப் தகவல்ல போய் பேட்டரியைத் தட்டி, கட்டுப்பாடு எதுவும் இல்லாம வை. அந்த பேட்டரி ஆப் செய்யறதா சொன்ன வேலையை ஆண்ட்ராய்டே செய்யுதுடா. 2015ல ஆண்ட்ராய்டு 6 வந்தப்பவே டோஸ்னு ஒண்ணு வந்துடுச்சு. ஃபோன் அசையாம மேசை மேல கிடந்தா அதுவே எல்லாத்தையும் அடக்கி வச்சு, இடையிடையே கொஞ்ச நேரம் மூச்சு விட விடும். 2018ல 9 வந்தப்ப, எந்த ஆப்பை நீ எவ்வளவு தொடுறேங்கிறதைப் பார்த்து வரிசை பிரிச்சு வைக்கவும் ஆரம்பிச்சுது. அதுக்கு மேல இன்னொரு காவல்காரன் எதுக்கு?

அடுத்தது, "கால் வந்தா நெட் நின்னுடுது". இதுக்கு ரூட்டைத் திட்டாதே. நம்ம மலேசியாவுல 2021 கடைசியோட 3ஜியை மூடிட்டாங்க. இப்ப பேசுறதுன்னா ஒண்ணு 4ஜி மேலேயே பேசணும், அதைத்தான் வோல்ட்டீன்னு சொல்றாங்க. இல்லாட்டி 2ஜிக்கு இறங்கிப் பேசணும். 2ஜியில பேசிக்கிட்டிருக்கிறப்ப நெட் ஓடாது. நீ போட்டிருக்கிற கஸ்டம் ராம்ல, அதாவது கம்பெனியோடது இல்லாம வேற யாரோ செஞ்ச ஆண்ட்ராய்டுல, வோல்ட்டீ வேலை செய்யலை போல. செட்டிங்ஸ்ல சிம் பக்கத்துல அந்த சுவிட்சே இல்லைன்னா, நீ தலைகீழா நின்னாலும் வராது. கம்பெனி கொடுத்த பழைய ராமுக்குத் திரும்பினா வர வாய்ப்பு இருக்கு. கடைக்கு வர்றவங்கள்ல பலர் இதை சிம் கோளாறுன்னு நினைச்சு புது சிம் வாங்கிட்டுத்தான் என்கிட்ட வந்து நிக்கிறாங்க.

பேங்க் ஆப் சங்கதிக்கு என் பதில் உனக்குப் பிடிக்காது. ரூட் கொடுக்கிற மேஜிஸ்க் ஆப்ல, டினை லிஸ்ட்ங்கிற விலக்குப் பட்டியல்ல பேங்க் பேரைச் சேர்த்தா ரூட் இருக்கிறதை அந்த ஆப்புக்கு மறைக்கலாம், சரி. ஆனா இப்பல்லாம் ஆப் தானா தேடிப் பார்க்கிறதோட நிறுத்துறதில்ல. கூகல்கிட்ட, ஃபோனை நம்பலாமான்னு சோதிக்கிற பிளே இன்டெக்ரிட்டி வழியா "இந்த ஃபோன் எப்படி?"ன்னு கேக்குது. ஃபோனை ஏத்துற நிரலான பூட்லோடரோட பூட்டு திறந்திருக்கான்னு சிப்பே கையெழுத்துப் போட்டுச் சொல்லிடும். அந்தக் கையெழுத்தை ஏமாத்த, மேஜிஸ்க்ல சேர்க்கிற மாட்யூல்ங்கிற துணை நிரல் இருக்கு. இந்த மாசம் வேலை செய்யும், அடுத்த மாசம் செய்யாது, திரும்பவும் புதுசு தேடணும். நான் ஒரு வருஷம் அது பின்னால ஓடி விட்டுட்டேன். பேங்கையும் இ-வாலட்டையும் ரூட் போடாத இன்னொரு ஃபோன்ல வை. பழைய செட்டா இருந்தாலும் பரவாயில்ல. சம்பளப் பணம் இருக்கிற இடத்துல நமக்கு எதுக்கு விளையாட்டு?

ஒண்ணு மட்டும் செஞ்சுடாதே. "பூட்லோடரைத் திரும்பப் பூட்டிட்டா பேங்க் ஆப் வேலை செய்யும்"னு வீடியோவுல சொல்லுவான். உள்ளே ரூட்டுக்காக மாத்தின பூட் கோப்பு இருக்கிறப்ப பூட்டினா, ஃபோன் தன்னைத்தானே சோதிச்சுப் பார்த்து ஏறவே மாட்டேன்னு நின்னுடும். கம்பெனி ராமை முழுசா போட்டு, ஒரு தடவை ஒழுங்கா ஏறுதான்னு பார்த்த பிறகுதான் பூட்டணும். பூட்டினாலும் திறந்தாலும் உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சுடும், படத்தையெல்லாம் முதல்லயே எடுத்து வச்சுக்கோ.

நான் என்னமோ பெரிய கெட்டிக்காரன் மாதிரி எழுதிட்டேன். போன மாசம் நான் பண்ணின கூத்தைக் கேளு. அப்பாவுக்குக் கண்ணு சரியா தெரியலை, எழுத்தைப் பெருசாக்கிக் கொடுடான்னாரு. அவருடையது நான் ரூட் போட்டு வச்சிருந்த பழைய செட். செட்டிங்ஸ்ல எழுத்து அளவை ஒரு இழுப்பு இழுத்திருந்தா முடிஞ்சிருக்கும். எனக்குத்தான் வேலை தெரியுமே! கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறந்து திரை டென்சிட்டியையே, அதாவது திரையில எல்லாம் எவ்வளவு பெருசா தெரியணும்ங்கிற எண்ணையே, மாத்தினேன். 380ன்னு அடிக்க நினைச்சு 830ன்னு அடிச்சுட்டேன். திரை ஒரு தடவை அணைஞ்சு வந்துச்சு பாரு, பூட்டுத் திரையில ரகசிய எண் கேக்குது, ஆனா தெரியறது 1ம் பாதி 2ம் மட்டும்தான். அப்பாவோட எண்ணுல 7 இருக்கு. அவரு கண்ணாடியை ஏத்தி வச்சுப் பார்த்துட்டு, "இப்ப நல்லா தெரியுதுடா, மீதியை எங்க?"ன்னு கேட்டாரு.

அணைச்சுப் போட்டேன், அப்படியேதான் வந்துச்சு. வரத்தானே செய்யும். அந்த எண்ணு செட்டிங்ஸ் பட்டியல்ல எழுதியாச்சு. ஆண்ட்ராய்டுல அந்தப் பட்டியல் மூணு, சிஸ்டம், செக்யூர், குளோபல்னு. நாம சுவிட்சு தட்டுறப்ப பெரும்பாலும் இதுல ஏதோ ஒண்ணுல ஒரு வரி மாறுது. திரை டென்சிட்டி செக்யூர்ல கிடக்கு. எத்தனை தடவை அணைச்சாலும், ஏறுறப்ப அதைப் படிச்சுட்டுத்தான் ஏறும். நல்ல காலம், எப்பவோ அந்த ஃபோனைக் கடைக் கம்ப்யூட்டரோட இணைச்சு, யுஎஸ்பி டீபக்கிங்குக்கு "எப்பவும் அனுமதி"ன்னு தட்டி வச்சிருந்தேன். ஒயரைப் போட்டு, கம்ப்யூட்டர்லேர்ந்து ஃபோனுக்குக் கட்டளை அனுப்புற ஏடிபியில 'டபிள்யூஎம் டென்சிட்டி ரீசெட்'னு ஒரு வரி. திரை பழையபடி ஆச்சு. அந்த அனுமதி மட்டும் இல்லைன்னா எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்துதான்.

அன்னியிலேர்ந்து ஒரு பழக்கம் வச்சிருக்கேன். எதையும் மாத்துறதுக்கு முன்னால மூணு பட்டியலையும் 'செட்டிங்ஸ் லிஸ்ட்' கட்டளையால ஒரு கோப்புல எடுத்து வச்சுடுவேன். மாத்தினதும் திரும்ப எடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, எந்த வரி மாறிச்சுன்னு கண்ணுல படும். நீயும் செய். ஆனா அந்தப் பட்டியல் இருக்கிற கோப்பை ரூட் ஃபைல் மேனேஜர்ல நேரா திறந்து திருத்தப் போகாதே. ஆண்ட்ராய்டு 12லேர்ந்து அது வெறும் எழுத்துக் கோப்பு இல்ல, சாதாரண எடிட்டர்ல திறந்து சேமிச்சா கெட்டுப் போகும். 'செட்டிங்ஸ் புட்' கட்டளையாலதான் மாத்தணும்.

உனக்கு ஞாபகம் இருக்கா, நாம முதமுதல்ல ரூட் போட்டது எதுக்குன்னு? தமிழ் படிக்கிறதுக்குடா! உன்கிட்ட இருந்த அந்த ஆண்ட்ராய்டு 2.3 செட்டுல தமிழ் வெறும் கட்டம் கட்டமா வரும். சைபர் கஃபேயில உட்கார்ந்து தமிழ் ஃபாண்டை இறக்கி, சிஸ்டம் உள்ளே இருந்த ஃபாண்ட் கோப்பைத் தூக்கிட்டு அதை வச்சோம். எழுத்து வந்துச்சு, ஆனா கொம்பு மட்டும் எழுத்துக்குப் பின்னால நின்னுச்சு. 'கெடா'ங்கிறதை நீ தலையைச் சாய்ச்சுக்கிட்டுப் படிச்சே. அதைச் சரி பண்றேன்னு இன்னொரு ஃபாண்டை வச்சப்பதான் கோப்பு அனுமதியை, எல்லாரும் படிக்கலாம்ங்கிற 644ன்னு மாத்த மறந்தேன். ஃபோன் ஏறாம கம்பெனி சின்னத்துலேயே நின்னுடுச்சு. நாற்பது வெள்ளி கொடுத்து, உங்க அப்பாவுக்குத் தெரியாம சரி பண்ணினோம்.

அந்தக் காலத்து ரூட், ரப்பர் மரத்துல பட்டையைத் தாண்டி உள் கட்டையில வெட்டுன மாதிரி. பால் இருக்கிறது பட்டையில. கத்தி கட்டையைத் தொட்டுட்டா, ஆறின இடத்துல பட்டை முடிச்சு முடிச்சா வளரும், பிறகு அந்தப் பக்கம் ஒழுங்கா கோடு போட முடியாது. அப்பா அப்படி ஒரு மரத்தைக் கெடுத்துட்டாருன்னு, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பெரட்டுல வச்சு ஏசினதை இன்னும் சொல்லிக் காட்டுவாரு. 2016ல ஜான் வூ கொண்டு வந்த மேஜிஸ்க் சிஸ்டம் பகுதியைத் தொடாது. பூட் கோப்பை மட்டும் மாத்தி, மேலே ஒரு போர்வை போட்ட மாதிரி வேலை செய்யும். அதனால இப்ப மாட்யூல் ஏதாவது கோளாறு பண்ணி ஃபோன் ஏறாம சுத்திக்கிட்டே இருந்தாலும், அணைச்சு, ஏறுறப்ப சத்தம் குறைக்கிற பொத்தானை அழுத்திப் பிடிச்சு சேஃப் மோடுல ஏத்து. மேஜிஸ்க் எல்லா மாட்யூலையும் நிறுத்திடும். பிறகு ஒவ்வொண்ணா திறந்து எது குற்றவாளின்னு பாரு. ஒரே நேரத்துல மூணைத் திறந்துட்டு எனக்கு ஃபோன் அடிக்காதே, உன்னைத் தெரியும்.

மழை விட்டுடுச்சு. தீபாவளிக்கு வர்றப்ப அந்தச் செட்டை எடுத்துட்டு வா, வோல்ட்டீ விஷயத்தை நேர்ல பார்க்கலாம். அம்மாவையும் கூட்டிட்டு வா. அப்பா உங்க அப்பாவைப் பத்திப் பேசிக்கிட்டே இருக்காரு.

பிளே சர்வீசஸை விடுவிச்சதும் எனக்குச் சொல்லு. ஃபோனைத் தொடாம ஒரு மணி நேரம் மேசை மேல வை, நான் நடுவுல ஒரு மெசேஜ் போடுறேன். அனுப்பின நேரத்தை இங்க எழுதி வச்சிருப்பேன், உனக்கு எத்தனை மணிக்கு மணி அடிச்சுச்சுன்னு மட்டும் சொல்லு.

உன்,
பால் மரம் வெட்டுறவர் மகன்