அந்தப் பதினொரு சட்டைகள்

திண்டுக்கல்,
பங்குனி.

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கொய்யா மரத்து வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டுகிறார்கள். மரம் போய்விட்டது. உன் பேரன் இப்போதாவது சாப்பிடுகிறானா?

பொங்கலன்று நீ போனில், இறந்துபோன உன் வீட்டுக்காரர், நம் அண்ணன், சட்டைகளைப் பற்றி ஒன்று கேட்டாய். "அவர் சட்டை பதினொன்று அப்படியே பீரோவில் இருக்கிறது, யாருக்காவது கொடுத்துவிடட்டுமா?" என்றாய். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை, செல்வி. என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து அது நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, நீயும் திரும்பக் கேட்கவில்லை. அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சேதி சொல்லியாக வேண்டும், அது இல்லாமல் என் பதில் உனக்குப் புரியாது.

நம் போர்வை முடிந்துவிட்டது.

ஆமாம், அதேதான். 1989-ல் டீச்சர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து துணியைக் கட்டம் கட்டமாக வெட்டினோமே, அதுதான். உன் கல்யாணத்தோடு நின்றது. மஞ்சள் பையோடு என் தகரப்பெட்டிக்குள் போய், நான் மூன்று வீடு மாறியபோதும் கூடவே வந்தது.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். போன வைகாசியில் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள், உனக்குத் தெரியும். கட்டுப் பிரித்த மறுவாரம் ஊசியில் நூல் கோத்துப் பார்த்தேன். முதல் தடவையிலேயே கோத்துவிட்டேன்! இரண்டு வருஷமாகச் சின்னவளைக் கூப்பிட்டுக் கோக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அந்தச் சந்தோஷத்தில் பெட்டியைத் திறந்தேன். மேலேயே உன் பழைய தாவணித் துண்டுகள். பழுப்பேறிப் போய்விட்டது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பழுப்பெல்லாம் இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. பழுப்பு என் கண்ணில் இருந்திருக்கிறது.

முடிக்காமல் விட்டவை மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கவனித்தேன். ஒன்றுகூட கண்ட இடத்தில் நிற்கவில்லை. எல்லாம் ஒரு கஷ்டமான வேலைக்கு முந்தின தையலில் நின்றிருந்தது. ரவிக்கை ஒன்று, கழுத்துக்குக் கிராஸ் பீஸ் வைக்கும் இடத்தில். சட்டை ஒன்று, காலரில். சின்னவளின் பள்ளிக்கூடப் பாவாடை, ஸிப் வைக்கும் இடத்தில். அவள் இப்போது வேலைக்குப் போகிறாள்! நேரமில்லை, நேரமில்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேனே, நேரம் காரணமே இல்லை. அந்த ஒரு இடம் எனக்குச் சரியாக வராது என்ற பயம்தான். அந்த ரவிக்கைக் கழுத்தை முடிக்க எனக்கு ஆனது முக்கால் மணி நேரம். அது பெட்டிக்குள் கிடந்தது பன்னிரண்டு வருஷம்.

முதலில் மிஷினைச் சரிபண்ணினேன். என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்த அதே கால் மிஷின், உஷா. தோல் நாடா தொய்ந்து சக்கரத்தில் வழுக்கியது. அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பக் கொக்கி மாட்டினேன். பாபின் பெட்டிக்கு அடியில் பஞ்சும் தூசும் அடைத்துக் கிடந்தன, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டி எடுத்து எண்ணெய் விட்டேன். ஆனாலும் தையல் விட்டு விட்டு விழுந்தது. கடைசியில் பார்த்தால் ஊசியின் தட்டைப் பக்கம் மாறியிருந்தது. டீச்சர் இருந்திருந்தால் ஸ்கேலை எடுத்திருப்பார்.

எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னால் பக்கம் போதாது. ஃபால்ஸ் அடிக்க வேண்டிய மூன்று சேலையையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன். ஜன்னல் திரை ஒன்றை முடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அந்த வீடே இப்போது நம்மிடம் இல்லை. பெரியவளுடைய ஃபிராக்கைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். நாலு வயதில் அவளுக்காக ஆரம்பித்த ரோஸ் நிற மெல்லிய பருத்தி ஃபிராக், மார்புப் பக்கம் ஸ்மாக்கிங். ஆறு வரிசை சுருக்கு நூல் ஓட்டி, இழுத்து முடிந்து, தேன்கூடு தையலில் இரண்டு வரிசை போட்டிருந்தேன். அப்படியே நின்றிருந்தது. அதில் குத்திவைத்த குண்டூசி துருப்பிடித்து மிளகு அளவுக்குக் கறை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்பைத் தூவி வெயிலில் போட்டேன், இரண்டாம் நாள் போய்விட்டது. மீதி நாலு வரிசையைப் போட்டு முடித்தபின் பழைய சுருக்கு நூலை உருவினேன். இருபத்தைந்து வருஷத்து நூல், ஒரே இழுப்பில் வந்துவிட்டது. துணி மெதுவாக விரிந்து தேன்கூடு தேன்கூடாக நின்றது, செல்வி. நான் கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. எதிர்வீட்டுக் குழந்தை அதைப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடுகிறது.

ஏழு முடிந்தது, திரையை விட்டாகிவிட்டது. மிச்சம் போர்வை.

நாம் போட்ட கணக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரு வரிசைக்குப் பதினாறு கட்டம், இருபது வரிசை, மொத்தம் 320. அதில் பதிமூன்று வரிசை பட்டை பட்டையாகத் தைத்தாகிவிட்டது. மிச்சம் 112 கட்டம் மஞ்சள் பையில். ஏன் பட்டைகளைச் சேர்க்காமல் விட்டோம் என்பது இப்போதுதான் தெரிந்தது. இரண்டு பட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூலைக்கு மூலை பொருந்தவே இல்லை. டேப் வைத்துப் பார்த்தேன். நான் வெட்டியது எல்லாம் நாலரை அங்குலம். நீ வெட்டியது நாலே கால், சிலது நாலு! அட்டை வைத்து வரையச் சொன்னால் கண்ணளவே போதும் என்றவள் யாருடி? முப்பத்தைந்து வருஷம் கழித்து உன்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

எல்லாவற்றையும் பிரித்து ஒரே அளவாக வெட்டலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை. மடித்து வைத்துவிட்டேன்.

அப்புறம் ஐப்பசியில் பெரியவளைப் பார்க்கப் போனேன். அவளுக்குக் கர்நாடகத்தில் எல்லாப்பூருக்கு மாற்றல், ஹூப்ளி வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ். உத்தர கன்னட ஜில்லா, சுற்றிலும் காடு. அந்தப் பக்கம் சித்தி என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பலரைப் போர்ச்சுக்கீசியர் காலத்தில் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவந்தார்களாம், தப்பித்து மலை ஏறியவர்களின் வம்சம். பெரியவள் தன்கூட வேலை பார்க்கும் பெண்ணின் ஊருக்கு என்னைக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் நம் வயது அம்மா ஒருத்தி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். கவண்டி என்கிறார்கள், பழந்துணிப் போர்வை.

செல்வி, நான் அசந்துபோய்விட்டேன். நாம் என்ன செய்வோம்? கட்டம் கட்டமாக வெட்டி, இணைத்து, பிறகு அடித்துணி வைத்துத் தைப்போம். அவர் முதலில் ஒரு பழைய சேலையைத் தரையில் விரித்துக்கொண்டார். அதன் ஓரத்திலிருந்து ஆரம்பிக்கிறார். ஒரு துண்டை எடுத்து, வெளி விளிம்பை உள்ளே மடித்து, சேலையோடு சேர்த்து ஓட்டுத்தையல். அடுத்த துண்டு அதன்மேல் கொஞ்சம் ஏறி உட்கார்கிறது. அப்படியே நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி உள்ளே போய்க் கடைசியில் நடுவில் முடிகிறது. ஒட்டுப் போடுவதும் அடித்துணியோடு பிடிப்பதும் ஒரே தையல். பென்சில் இல்லை, டேப் இல்லை, ஒரு துண்டைப் போல இன்னொரு துண்டு இல்லை. பொருந்தாத மூலை என்று ஒன்று இருந்தால்தானே கவலைப்பட! கடைசியாக நாலு மூலையிலும் சின்னச் சதுரங்களை முக்கோணமாக மடித்து அடுக்கிவைத்துத் தைக்கிறார்கள், அதற்குப் பெயர் பூ. பூ வைக்காவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிற மாதிரியாம்.

எனக்குக் கன்னடம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. என் கையைப் பிடித்து ஊசியைக் கொடுத்து இரண்டு வரிசை போடவைத்தார். நான் நெருக்கமாகப் போட்டேன். தலையை ஆட்டி, ஒரு விரலை இரண்டு வரிசைக்கும் நடுவில் வைத்துக் காட்டினார். அவ்வளவு இடைவெளி போதும்.

ஊருக்கு வந்த மறுநாளே அம்மாவின் சுங்குடிச் சேலையை எடுத்தேன். சின்னாளப்பட்டியில் வாங்கினது, முந்தி நன்றாக இருக்கிறது, கொசுவம் வரும் இடம் மட்டும் நைந்துவிட்டது. அது அடியில். உள்ளே கனத்துக்கு முடிக்காமல் விட்ட அந்த ஜன்னல் திரை. மேலே நம் பட்டைகளை ஓரத்திலிருந்து சுற்றினேன். உன் நாலங்குலக் கட்டமும் என் நாலரை அங்குலக் கட்டமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சமாதானமாகிவிட்டன. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் இரண்டு மணி நேரம். கட்டைவிரலில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போனது. அவர் ரேடியோவைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, நூல் தீரும்போதெல்லாம் வெட்டிக் கொடுத்தார். மாசி மகத்தன்று நடுக்கட்டம் வைத்தேன். உன் தாவணித் துண்டில் ஒன்று அது. அதற்கென்றே எடுத்து வைத்திருந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

எல்லாப்பூரில் அன்று ராத்திரி பெரியவள் ஃபோனில் படங்கள் காட்டினாள். அமெரிக்காவில் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அங்கேயும் அடிமைகளின் வம்சம், பருத்திக் காட்டில் வேலை செய்தவர்கள். பெண்கள் கிழிந்த துணியில் போர்வை தைத்திருக்கிறார்கள், குளிருக்காக. 2002-ல் அதையெல்லாம் பெரிய மியூசியத்தில் மாட்டி வைத்தார்கள், 2006-ல் அமெரிக்காவில் தபால் தலையாகவே போட்டார்கள். அந்த ஊர்ப் போர்வைகளில் ஒன்று மிசூரி பெட்வே என்ற அம்மா 1942-ல் தைத்தது. புருஷன் இறந்துபோனார். அவர் காட்டு வேலைக்குப் போட்டுக்கொண்ட துணிகளைப் பிரித்துப் போர்வையாகத் தைத்துக்கொண்டார். வெளுத்த நீலம், சாம்பல். போட்டுப் போட்டு நைந்த இடமும், ஒட்டுப் போட்ட இடமும் அப்படி அப்படியே தெரிகிறது. எந்த அலங்காரமும் இல்லை. அதைப் பார்த்த உடனே எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. மில்லிலிருந்து வரும்போது அவர் சட்டைத் தோளில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்குமே.

இதை மனசில் வைத்துக்கொண்டேதான் பொங்கலன்று உன்னிடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். சொன்னால் அழுவாயோ என்று பயம். அந்த ரவிக்கைக் கழுத்து மாதிரியேதான் இதையும் தள்ளிப் போட்டேன். மன்னித்துக்கொள்.

கொடுக்காதே, செல்வி. பதினொன்றையும் மொத்தமாகக் கொடுத்துவிடாதே. நல்லதாக நாலைந்து யாருக்காவது பயன்படும் என்றால் கொடு, அண்ணனும் அதைத்தான் சொல்லியிருப்பார். மிச்சத்தை எடுத்துக்கொண்டு இங்கே வா. பேரனுக்கு லீவு விட்டதும் அவனையும் கூட்டிக்கொண்டு பத்து நாள் வா. அவர் வேட்டி இரண்டு இருந்தால் போதும். எட்டு முழ வேட்டியை நடுவில் வெட்டிப் பக்கவாட்டில் சேர்த்தால் ஆறடி நீளம் தாராளமாக வரும், ஒன்று அடிக்கு, ஒன்று உள்ளே. பழகிய வேட்டி கை ஊசிக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும். சட்டையில் முதுகுப் பக்கம்தான் பெரிய துண்டு கிடைக்கும். பையைப் பிரிக்காமல் அப்படியே ஒரு துண்டாக வைத்துவிடலாம். உன் பேரன் அதற்குள் கையை விட்டுக்கொண்டு தூங்கட்டும்.

ஊதாக் கோடு போட்டது ஒன்று இருக்கிறதே, காதுகுத்துக்குப் போட்டிருந்தார், அதைத் தனியாக வை. அதை வெட்ட நான் விடமாட்டேன். நீயே வெட்டச் சொன்னாலும் விடமாட்டேன்.

அழுகை வந்தால் வரட்டும். இரண்டு வருஷமாக நீ ஃபோனில் "நன்றாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன்" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஓரத்திலிருந்து நீ, எதிர் ஓரத்திலிருந்து நான். பேசினால் பேசுவோம், இல்லாவிட்டால் தைப்போம்.

சட்டைகளைத் துவைக்க வேண்டுமா வேண்டாமா என்பது உன் இஷ்டம். துவைக்காமல் கொண்டுவந்தாலும் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். காலரை நீ பிரிக்காதே, துணி கிழிந்துவிடும், என்னிடம் நல்ல பிளேடு இருக்கிறது. பட்டன்களை மட்டும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவை. வரும்போது உன் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு வா, என்னுடையது மொக்கையாகிச் சாணைக்குப் போயிருக்கிறது, அந்த ஆள் எப்போது தெருவுக்கு வருவானோ தெரியவில்லை.

அன்புடன்,
மீனா

பி.கு.: ரயில் டிக்கெட் போட்டதும் ஒரு வார்த்தை சொல். அவர் ஸ்டேஷனுக்கு வருவார்.