சாவு வீட்டில் மைக் நீட்டும் தம்பிகளுக்கு

யூடியூப் சேனல் நடத்தும் தம்பிகளே, வணக்கம்.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு நாடகக் கலைஞர் இறந்துபோனார். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம், "கடைசியா உங்ககிட்ட என்னம்மா பேசினாரு?" என்று மைக்கை நீட்டினான் உங்களில் ஒரு பையன். அந்த அம்மா மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் 'கதறி அழுத மனைவி' என்று வீடியோ வந்துவிட்டது. அவர் கதறவே இல்லை.

அன்று ராத்திரி ஒரு கொரிய ஆவணப்படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். 'என் அன்பே, அந்த ஆற்றைக் கடக்காதே' என்று பொருள்படும் தலைப்பு; 2014-இல் வந்தது. 76 வருடம் சேர்ந்து வாழ்ந்த ஒரு கிராமத்துத் தாத்தா பாட்டியை இயக்குநர் ஜின் மோ-யங் 15 மாதம் பின்தொடர்ந்து எடுத்த படம். இருட்டில் கக்கூஸுக்குப் போகப் பாட்டிக்குப் பயம். தாத்தா வெளியே நின்று பாடுகிறார்.

பெற்ற 12 பிள்ளைகளில் 6 பேர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். தாத்தாவுக்கு முடியாமல் போகும் நேரத்தில், பாட்டி கடைக்குப் போய்க் குழந்தைகளுக்கான குளிர்கால உள்ளாடை 6 செட் வாங்குகிறார். முதலில் போகிறவர் அதை அந்தப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமாம். நம் ஆள் அங்கே இருந்திருந்தால், "இப்ப உங்க மனசு எப்படி இருக்கு பாட்டி?" என்று கேட்டிருப்பான்.

கடைசியில் பனி கொட்டிக் கிடக்கும் தாத்தாவின் சமாதியருகே பாட்டி அந்தத் துணிகளை எரிக்கிறார். நடந்துபோகப் பார்த்தவர், முடியாமல் பனியிலேயே உட்கார்ந்து அழுகிறார். கேமரா தள்ளியே நிற்கிறது.

சும்மா ஓடிய படமில்லை. கொரியாவில் ஏறக்குறைய 48 லட்சம் பேர் தியேட்டரில் பார்த்தார்கள். அப்புறம் ஆட்கள் பாட்டியைத் தேடிப் போவார்கள் என்ற கவலையில், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று இயக்குநரே வேண்டிக்கொண்டார்.

சரி, உங்களுக்கு 15 மாதம் கிடையாது. வியூஸ் வந்தால்தான் ரூம் வாடகை, தெரியும். பந்தலுக்கு வெளியே நில்லுங்கள். பேச நினைப்பவர்கள் தானாக வருவார்கள்.

அந்த அம்மாவுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. கணவர் ராஜபார்ட் கட்டிய காலத்தில் கிரீடத்துக்கு ஜிகினா ஒட்டியது இவர்தான். கிரீடம் இன்னும் பரணில் கிடக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், நானே கூட்டிப்போகிறேன். அதற்கு முன்னால் அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள்.