பேர் சொல்லாமல் போன கொத்தனார் ஐயாவுக்கு

மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம், மர உத்தரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புத் தளமும் போட்ட பழைய மட்டப்பா வீட்டில் ஏறிப் பார்த்து, ஒழுகலுக்குக் காரணம் சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போன பெரியவருக்கு மனமார்ந்த நன்றி.

மேலே பூசிய சிமெண்ட்தான் கேடு என்றீர்கள். வெயிலில் விரிந்து சுருங்கும் சுண்ணாம்புத் தளத்தோடு அது சேர்ந்து நெளியாது, விரிசல் விடும். உள்ளே இறங்கிய ஈரம் காய வழியில்லாமல், சுவருக்குள் பதிந்த தேக்கு உத்தரத்தின் முனையை இற்றுப்போக வைக்கும்.

அந்தக் காலத்து வேலைமுறையை நீங்கள் சொன்னதுதான் பெரிய கொடை. உத்தரங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லைக் கோணவாக்கில், குத்துக்கல்லாக, அதாவது படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்க வேண்டும். செங்கல்லைக் குமிழி அடங்கும்வரை ஊற வைக்காவிட்டால் சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும், பிடிப்பு இராது. அதன்மேல் 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, தட்டுகிற மரக்கட்டை பட்டதும் தடம் விழாமல் எகிறும்வரை நாள்கணக்கில் தட்ட வேண்டும். இதில் அவசரப்பட்டால் தளம் பொருபொருவென்று நின்று தண்ணீர் குடிக்கும். கடைசியில் தட்டோடு என்கிற தட்டையான ஓடுகளை, மழைநீர் ஓடச் சரிவான வாட்டம் வைத்துப் பதிக்க வேண்டும்.

சுண்ணாம்பை நன்றாக நீற்றிச் சலிக்க வேண்டும். நீறாத கட்டி பிறகு ஊதிப் பூச்சைப் பெயர்க்கும் என்று இரண்டு தடவை சொன்னீர்கள். குறித்துக்கொண்டோம்.

அந்தக் காலத்தில் வரிசையாக உட்கார்ந்து கை காய்ப்புக் காய்க்கத் தளம் தட்டிய சித்தாள் பெண்களுக்கும் இந்த நன்றி சேரும். சிமெண்டைக் கொத்தி எடுக்கும் வேலை ஆரம்பித்துவிட்டது, ஐயா. தட்டோடு பதிக்கும்போது ஒருமுறை வந்து வாட்டம் பாருங்கள்.