மடை யார் கையில இருக்கணும்?

ஆசிரியருக்கு வணக்கம்,

மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கிற ஜூன் 12 நெருங்கினாலே அங்க எத்தனை அடி நிக்குதுங்கிறதுதான் டீக்கடைப் பேச்சு. நான் டெல்டாக்காரன் இல்ல, சிவகங்கைப் பக்கம் கண்மாய்ப் பாசனம், ஆனா பேப்பரை எடுத்தா முதல்ல தேடுறது காவிரி நியூஸைத்தான்.

2007ல காவிரி நடுவர் மன்றம் கர்நாடகா நமக்கு வருஷத்துக்கு விடணும்னு சொன்னது 192 டிஎம்சி, 2018ல சுப்ரீம் கோர்ட் அதுல 14.75 குறைச்சு 177.25 ஆக்கிச்சு. சரி போகட்டும். நல்ல மழை வருஷத்துல இந்தக் கணக்கே யாருக்கும் தேவைப்படாது, கர்நாடகாவோட கேஆர்எஸ் அணை நிரம்பினா தண்ணி தானா வந்துரும். மழை பொய்க்கிற வருஷந்தான் வம்பு. அந்த வருஷம் எல்லாரும் விகிதப்படி குறைச்சுக்கணும்னு மட்டும் தீர்ப்புல இருக்கு, எப்படிக் கணக்குப் போடுறதுன்னுதான் இன்னிக்கு வரைக்கும் அடிதடி. 2023ல பார்த்தோமே, நாம விநாடிக்கு 24,000 கனஅடி கேட்டோம், காவிரி மேலாண்மை ஆணையம் 5,000 விடச் சொல்லிச்சு, அதுக்கே பெங்களூர்ல பந்த், இங்க குறுவை கருகி அக்டோபர்லயே மேட்டூரை மூடியாச்சு.

எங்க ஊர்ல முன்னாடி நீர்கட்டி ஒருத்தர் இருந்தார், மடையைத் திறந்து மூடி எல்லா வயலுக்கும் தண்ணி பங்கு வைக்கிறவர். கண்மாய்த் தண்ணி பாயுற ஆயக்கட்டுல அவருக்கு ஒரு குழி நிலம் கூட கிடையாது, கூலி அறுப்பு முடிஞ்சு களத்துல நெல்லா வாங்கிக்குவார், அதனால யாருக்கும் சாய வேண்டிய அவசியமே இல்ல. கண்மாய் பாதிதான் பெருகிருக்குன்னா நடவுக்கு முன்னாடியே ஊர்க்கூட்டம் போட்டு இந்த வருஷம் இவ்வளவுதான் நடணும்னு முடிவு பண்ணிருவாங்க, அப்புறம் ராத்திரி டார்ச்சும் மண்வெட்டியுமா அவரே போய் ஒவ்வொரு வாய்க்காலா மண்ணையும் வைக்கலையும் வச்சு அடைச்சுட்டு அடுத்த மடைக்குப் போவார். எங்க மாமா ஒருதடவை இன்னும் அரைமணி நேரம் விடுப்பான்னு கெஞ்சினதுக்கு "கடைமடைக்காரனைக் கேட்டுட்டு வாங்க"ன்னுட்டார்!

காவிரியில அந்த ஆள்தான் இல்ல. ஆணையம் உத்தரவுதான் போடுது, ஷட்டரைத் திறக்கிறது நிலம் வச்சிருக்கிற மாநிலம். பற்றாக்குறைக் கணக்கை ஆடி ஆவணியில பஞ்சாயத்துப் பண்ணாம மழை தொடங்குறதுக்கு முன்னாடியே போட்டு வைக்கச் சொல்லி உங்க பேப்பர் விடாம எழுதணும்னு கேட்டுக்கிறேன்.

நாமளும் ஒண்ணும் யோக்கியமில்லங்க. எங்க நீர்கட்டி இறந்த பிறகு அந்த வேலைக்கு யாரும் வரல, நாங்களும் தேடல. போன தை மாசம் ஆளாளுக்கு மண்வெட்டியோட மடைக்குப் போய் ரெண்டு பேருக்கு மண்டை உடைஞ்சு கேஸ் இன்னும் நடக்குது.

இப்படிக்கு,
ஒரு கண்மாய்ப் பாசன விவசாயி,
சிவகங்கை மாவட்டம்