ரோம்ல நம்ம சவேரியார் கை

தம்பி,

போட்டோவா அனுப்புறீங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்கன்னு கேட்டியே, போன்ல சொல்லி முடியாதுப்பா, அதான் எழுதுறேன். வத்திக்கான்ல கூட்டம், ஒரு இடத்துல நின்னு பாக்க விடல. என் மனச புடிச்சுகிட்டது ரோம்ல இருக்குற ஜெசூ கோயில்தான், நம்ம சவேரியார் இருந்த துறவிங்க சபையான சேசு சபையோட தாய்க்கோயில், 1584ல அபிஷேகம் ஆனது.

உள்ள போய் அண்ணாந்து பாத்தேன் பாரு, கழுத்து வலிச்சும் தலைய இறக்க மனசு வரல. கவுல்லின்னு ஒரு ஓவியர் 1670கள்ல வரைஞ்ச கூரை, நடுவுல இயேசுவோட நாமம் ஒரே வெளிச்சமா இருக்கு, சுத்தி சம்மனசுங்க, அதான் தேவதூதருங்க, ஓரத்துல பாவிங்க மேகத்தோட சேந்து அப்படியே நம்ம தலை மேல சரியுறாங்க, தங்கச் சட்டத்துக்குள்ள அடங்காம வெளிய வழியுறாங்க, அவங்க நிழலக்கூட பெயிண்ட்லயே போட்டுருக்காரு மனுஷன், எது படம் எது சுதைன்னு கண்ணுக்கு பிடிபடவே இல்ல. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரங்க கோயில்ல படம், சுரூபம்னு சொல்ற சிலை எல்லாம் வேண்டாம்னு எடுத்துப்போட்ட காலத்துக்கு இவங்க சொன்ன பதில் இது, எழுதப் படிக்கத் தெரியாதவனும் அண்ணாந்து பாத்தா மோட்சம் தெரியணும்னு செஞ்சிருக்காங்க. ஆடம்பரம்னு சிலபேர் சொல்லுவாங்க, எனக்கு அப்படி தோணல.

ஆனா நான் ரொம்ப நேரம் நின்னது வலது பக்கம் சவேரியார் பீடத்துல. மேல அவரு சீனாக்கரை ஓரத் தீவுல உயிர் விடுற படம், மரத்தான்னு ஒரு ஓவியர் வரைஞ்சது. பீடத்துல ஒரு பேழைக்குள்ள அவரோட வலது கை, 1614ல கோவாவுல உடம்புல இருந்து எடுத்து ரோமுக்கு கொண்டுபோனது. 1542ல நம்ம தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறை கடற்கரைக்கு வந்து, ஜெபத்த தமிழ்ல மனப்பாடம் பண்ணி ஊர் ஊரா மணி அடிச்சு பிள்ளைங்கள கூப்பிட்டு சொல்லிக்குடுத்தவரு, ஞானஸ்நானம் குடுத்துக் குடுத்து கையே அசந்துபோகுதுன்னு 1544ல கடுதாசி எழுதினாரே, அந்தக் கைதான்டா இது! அவரு தங்கின மணப்பாடு குகைல சின்ன வயசுல இருந்து கும்பிட்டு வளந்தவனுக்கு அங்க நிக்கும்போது எப்படி இருந்திருக்கும்னு நீயே நினைச்சுக்க. கண்ணு நிறைஞ்சுபோச்சு.

எதிர்ல இடது பக்கம் சேசு சபைய ஆரம்பிச்ச இஞ்ஞாசியார் கல்லறை, பொட்ஸோன்னு ஒருத்தர் கட்டுனது. சாயந்தரம் 5.30க்கு பாட்டு போட்டு முன்னால இருக்குற படத்த கீழ இறக்குறாங்க, பின்னால இருந்து சுரூபம் தெரியும், அதுக்கு முன்னாடியே போய் உக்காந்துடு.

ஜெர்மனில இருந்து உனக்கு பக்கம்தானே, லீவுல பிள்ளைங்களயும் கூட்டிட்டு போ. போறதுக்கு முன்ன சொல்லு, அம்மா அங்க பூசைல வேண்டிக்கச் சொல்லி ஒரு கருத்து எழுதித் தரணுமாம்.

அப்பா